கஷாயம் எதுவரை?

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தத் தலைப்பில் பேசுவது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "போன கூட்டம் முழுக்க இருமிக்கிட்டே இருந்தீங்களே டீச்சர், அதைப் பத்தியே பேசுங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இருமலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு செய்தி இருக்கிறது. அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

முதலில் என் கதை. நான் பணியாற்றுவது டெல்டாவில், வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில். மார்கழிப் பனி இறங்கியதும் எனக்குத் தும்மல் தொடங்கும். தையில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் கிளப்பும் புழுதியும் நெல் சுணையும் சாலை வரை வந்து விழும். பத்து நாளில் தும்மல் இருமலாகிவிடும். மாசி முடியும் வரை விடாது. காய்ச்சல் கிடையாது, சளியும் பெரிதாக இருக்காது. படுத்தால் இருமல், பாடம் நடத்தினால் இருமல். இப்படிப் பல ஆண்டுகள்.

இதற்குக் காரணம் நுரையீரலில் இல்லை, மூக்கில் இருக்கிறது என்பதை ஒரு மருத்துவர் விளக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். தூசு, மகரந்தம், மழைக்காலம் முடிந்தபின் சுவரில் படரும் பூஞ்சை, பாய் தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் ஆகியவற்றை உடல் எதிரி என்று எண்ணிக்கொள்கிறது. மூக்கின் உட்புறம் வீங்கி நீர் சுரக்கிறது. அந்த நீர் வெளியே வராமல் பின்பக்கமாகத் தொண்டைக்குள் வடிகிறது. படுத்தால் வடிவது அதிகமாகும். தொண்டை அரிக்கும், இருமல் வரும். இருமி இருமித் தொண்டை புண்ணாகும். அந்தப் புண்ணே மறுபடியும் இருமலைத் தூண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் பார்த்தீனியமும் சீமைக் கருவேலமும் மகரந்தத்துக்குப் பேர்போனவை. போகிப் புகையும் கொசுவத்திப் புகையும் இருக்கிற எரிச்சலைக் கூட்டிவிடும்.

வீட்டு மருந்துகளில் எது உதவும்?

தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். அந்தப் பெயரிலேயே நல்லாதனார் ஒரு நூல் செய்திருக்கிறார். மருந்தின் பெயரை அறநூலுக்கு வைக்கும் அளவுக்கு நம் வீடுகளில் புழங்கிய பொருள்கள் இவை. இவற்றைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. எது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்துவோம் என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் உதவியது உப்புநீர். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. காலையிலும், பள்ளி விட்டு வந்ததும், படுக்கும் முன்பும் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்க வேண்டும். தொண்டையில் ஒட்டியிருக்கும் சளியும் தூசும் கழுவப்படும். மூக்கையும் உப்புநீரால் கழுவலாம். அதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே. குழாய் நீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது.

அடுத்தது தேன். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சளி இருமலால் அவதிப்பட்ட 105 பிள்ளைகளிடம் நடத்தி, 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எந்த மருந்தும் பெறாத பிள்ளைகளைவிடத் தேன் குடித்த பிள்ளைகள் இரவில் குறைவாக இருமினார்கள். அது சளி இருமல். ஒவ்வாமையைத் தேன் மாற்றாது. ஆனாலும் புண்ணான தொண்டைக்கு இதமாக இருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா வித்து, அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

ஆடாதோடை பற்றி அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லலாம். அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளிலிருந்துதான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து உருவானது. அம்ப்ராக்சால் அதன் வழி வந்தது. ஆடாதோடை கெட்டிச் சளியை இளக்கும். வறட்டு அரிப்பு இருமலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். அதிமதுரம் தொண்டைக்கு நல்லது. ஆனால் நாள்கணக்கில் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். நம் வயதுக்காரர்கள் நினைவில் வையுங்கள்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று நேரம் விலகும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைப் பிள்ளையின் முன் வைத்துப் போர்வையால் மூடாதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோன பிள்ளைகள் உண்டு. கைக்குழந்தையின் மார்பிலும் மூக்கிலும் கற்பூரம் தடவுவதையும் விட்டுவிட வேண்டும். அது உடலுக்குள் போனால் வலிப்பு வரலாம்.

இவை எல்லாம் தொண்டைக்கு ஆறுதல். காரணத்தைக் குறைக்க வேறு வேலை செய்ய வேண்டும். நான் தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் அலசி வெயிலில் காயப்போட ஆரம்பித்தேன். அறுவடை நாள்களில் வண்டி ஓட்டும்போது முகக்கவசம் அணிகிறேன். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுகிறேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மூக்கு மருந்தைப் பருவம் தொடங்கும்போதே தொடங்குகிறேன். இந்த ஆண்டு இருமல் இல்லாமல் இல்லை. ஆனால் தூங்க முடிகிறது.

நான் கேட்காமல் விட்ட கேள்விகள்

இனி நான் சொல்ல வந்த செய்தி.

மூன்றாண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. அம்மா திருப்பூரில் பனியன் வேலை. பாட்டிதான் வளர்த்தார். மார்கழியில் அவளும் இருமத் தொடங்கினாள். எனக்கு வருவதுதான் இவளுக்கும் என்று முடிவு செய்துவிட்டேன். உப்புநீர் கொப்பளிக்கச் சொன்னேன். பாட்டி கற்பூரவல்லிச் சாறும் சுக்குக் கஷாயமும் கொடுத்தார். தினமும் வகுப்பில் நுழைந்ததும், "கொப்பளிச்சியா?" என்று கேட்பேன். "கொப்பளிச்சேன் டீச்சர்" என்பாள். முதல் பாடவேளையில் கண் சொருகுவாள். இரவு தொலைக்காட்சி பார்க்கிறாள் என்று கண்டித்தும் இருக்கிறேன்.

விளையாட்டு விழாப் பயிற்சியில் 200 மீட்டர் ஓடி முடித்தவள், கோட்டைத் தாண்டியதும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிட்டே போனால் மூச்சில் விசில் போல ஒரு சத்தம். "என்னம்மா செய்யுது?" என்றால் ஒரு சொல், ஒரு மூச்சு, மறு சொல். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை. 108-ஐ அழைத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெபுலைசர் வைத்தார்கள். அரை மணியில் பேசினாள்.

மருத்துவர் என்னிடம் கேட்டார். "எத்தனை நாளா இருமல்?" மூன்று வாரம் என்றேன். "ராத்திரி இருமி எழுந்திருக்கிறாளா? ஓடினா, சிரிச்சா இருமல் வருதா? வீட்டில யாருக்காவது இளைப்பு உண்டா?" ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கேட்டதெல்லாம் "கொப்பளிச்சியா?" மட்டும்தான். பாட்டியிடம் கேட்டபோது சொன்னார், பிள்ளை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்று. அவள் தொலைக்காட்சி பார்க்கவில்லை. மூச்சுக்காக உட்கார்ந்திருந்தாள்.

அது ஆஸ்துமா. அதே தூசு, அதே பருவம்தான். ஆனால் எனக்கு மூக்கில் நின்றது, அவளுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டது. சிலருக்கு ஆஸ்துமா வெறும் இருமலாகவே தொடங்கும். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கும்போது அதை உப்புநீரோ கஷாயமோ விரிக்காது. தாமதம்தான் மிஞ்சும்.

"பம்ப்பு வெச்சா அப்புறம் விடவே முடியாதாமே டீச்சர்" என்று பாட்டி அழுதார். இந்தப் பயம் ஊர் முழுக்க இருக்கிறது. இன்ஹேலர் பழக்கமாகிவிடும் மருந்து அல்ல. மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவே போதும். இதை நான்கு முறை பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். ஐந்தாவது முறை அவரே பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. பையில் இன்ஹேலர் இருக்கிறது. ஓடுகிறாள்.

எப்போது கஷாயத்தை நிறுத்த வேண்டும்?

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே 2 வாரம்தான் கணக்கு. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாயும் கிடைக்கிறது. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் என்றால் 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வாமையில் இவை வராது.

பேசத் திணறுவது, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108. வேர்க்கடலையோ பொரியோ தின்றுகொண்டிருந்த சின்னக் குழந்தை திடீரென இருமத் தொடங்கினால், தொண்டையில் சிக்கியிருக்கிறதா என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பால் சிறு குழந்தைகள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

நமக்கும் ஒரு சொல். எங்கள் பள்ளியில் முன்பு இருந்த தலைமையாசிரியர் நான்கு மாதம் சுக்குக் காப்பி குடித்தார். இருமல் போகவில்லை. கடைசியில் பார்த்தால், அவர் இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் காரணம். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மருத்துவர் மாத்திரையை மாற்றியதும் சில வாரங்களில் நின்றது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை எளியவை. கரும்பலகையை ஈரத்துணியால் துடையுங்கள். டஸ்டரை ஜன்னலில் தட்டாதீர்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது வகுப்பறையைக் கூட்ட வேண்டாம். இருமும் பிள்ளையை முதல் வரிசையிலிருந்து சற்றுத் தள்ளி, ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்ட, இருமும் பிள்ளைகளின் பெயரை இருமல் தொடங்கிய தேதியோடு குறித்து வையுங்கள். குழு வரும் நாள் தள்ளி இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் மூன்று கேள்விகள். எத்தனை நாளாக? இரவில் எழுப்புகிறதா? ஓடினால் வருகிறதா? முதல் கேள்விக்கு 2 வாரத்துக்கு மேல் என்றோ, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றோ பதில் வந்தால், அன்றே வீட்டுக்குப் பேசுகிறோம். மார்கழியிலிருந்து பங்குனி வரை இதைச் செய்கிறோம். திரிகடுகத்தைப் போல இதுவும் மூன்றுதான். நாளைக்கே உங்கள் பதிவேட்டிலும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

 இடையில் நான்கு முறை இருமினேன், மன்னிக்கவும். 2 வாரம் ஆகவில்லை.