வில் பிடித்த கை தளரலாகாது
(செண்பகத்தோப்பில் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலின் கற்கத் தொடங்கும் நம் பிள்ளைகளுள் சிலர் ஆறு திங்களுக்குள் அதனைப் பெட்டியிலிட்டு மூலையில் வைத்துவிடுகின்றனர். "நமக்கு இது வராது" என்பதே அவர்கள் கூறும் காரணம். அது மெய்தானா என்று சிறிது ஆராய்வோம்.

வயலின் எவருடைய குலச்சொத்தும் அன்று. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கருவி அது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைப் பயின்று நம் இசைக்குப் பொருத்தினார். முதலில் அவருக்கும் அஃது அயற்கருவியே! ஆகவே, பிறப்பால் இக்கருவி வாய்த்தவர் நம் நாட்டில் ஒருவரும் இலர்; பழகியவர்க்கே அது வாய்த்தது.

நம் மலைத்தொடரின் தெற்கே உள்ள சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியராயிருந்தவர், வயலினும் பயின்றவர். பின்னர்த் தஞ்சையில் மருத்துவராய் வாழ்ந்து, 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். தொழிலுக்கிடையே ஒதுக்கிய நேரமே அத்துணைப் பயன் தந்தது.

இனி, பழகும் முறையைக் கூறுவோம். வீணையில் மெட்டுகள் உண்டு, வயலினில் இல்லை. விரல் நிற்குமிடத்தைச் செவிதான் காட்ட வேண்டும். எனவே, சுருதியின்றிப் பழகற்க. பிழையைப் பத்து முறை வாசித்தால் பிழையே விரலில் பதியும். முதலில் வெறுந்தந்தியில் வில்லை நீளமாக, ஒரே சீராக இழுங்கள். பின்பு சரளி வரிசையை முதற்காலத்தில் வாசியுங்கள். அது தூய்மையாகிய பின்னரே இரண்டாங்காலம். இடறும் இரண்டு சுரங்களை மட்டும் தனியே எடுத்துத் திருத்துங்கள். தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் ஓடுவதால் பயனில்லை. ஞாயிறன்று மூன்று மணி நேரம் உழைப்பதினும் நாள்தோறும் அரைமணி நேரம் மேலானது. கருவி ஒன்றே இருப்பின், ஒருவர் வாசிக்க மற்றவர் தாளமிடுக, கேட்பதும் பயிற்சியே. அன்று திருந்தியது எது என ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். ஊக்கம் குன்றும் நாளில் அவ்வேடே உங்களைத் தூக்கி நிறுத்தும்.

பறையின் அடியைக் கேட்டு வளர்ந்த நமக்குத் தாளம் புதிதன்று. பறையை இகழ்ந்து வயலினைத் தழுவ வேண்டா, இரண்டும் நம்முடையனவே.

"இதனால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் வினவுகின்றனர். எல்லோர்க்கும் கிடைக்கும் என யாம் பொய்யுரையோம். ஆனால், விருதுநகர் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வயலின் மூன்றாண்டுப் படிப்பாக உள்ளது. அவ்வாயில் நமக்கும் திறந்தே இருக்கிறது. அன்றியும், ஒரு பிழையை ஒரு வாரம் பொறுமையுடன் திருத்தக் கற்ற பிள்ளை, கணக்கிலும் ஆங்கிலத்திலும் தோற்றோடான்.

"நமக்கு வராது" என்பது பிறர் நம்மீது சுமத்திய சொல். அதனை நம் வாயால் நாமே மொழிதல் தகுமோ? மூலையில் கிடக்கும் பெட்டியை இன்று மாலையே திறவுங்கள் என வேண்டி அமைகின்றோம்.