இரு கண்ணும் ஒரு பார்வையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கண்ணைப் பற்றி. கண் என்றதும் மூக்குக் கண்ணாடியும் கண்புரையும்தாம் நம் நினைவுக்கு வரும். இவை இரண்டும் இல்லாமலேயே பார்வையில் ஒரு குறை இருக்கக்கூடும். அது பல ஆண்டுகள் எவருக்கும் தெரியாமல் மறைந்தும் இருக்கும்.

முதலில் ஒரு சிறு சோதனை. எதிரே ஒருவர் பென்சிலை நுனி மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடிக்கட்டும். நீங்கள் இன்னொரு பென்சிலை மேலிருந்து இறக்கி, நுனியின்மேல் நுனியை வையுங்கள். இரு கண்ணும் திறந்திருந்தால் சட்டென்று வைத்துவிடுவீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்தால் பென்சில் முன்னேயோ பின்னேயோ தப்பிப் போகும்.

காரணம் இதுதான். நம் கண்கள் இரண்டும் ஏறக்குறைய 6 செண்டிமீட்டர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆகவே வலக்கண் காணும் படம் வேறு, இடக்கண் காணும் படம் சற்று வேறு. மூளை இவ்விரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னே, எது பின்னே என்று கணக்கிட்டுக்கொள்கிறது. இதனை 1838ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் விளக்கிக் காட்டினார். பால்மரம் சீவுகிறவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். மரத்துக்குக் காயம் படாமல், உள்ளே 1 மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுச் சீவ வேண்டுமல்லவா?

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க 6 தசைகள் உண்டு. இரு கண்களும் ஒரே புள்ளியைப் பார்க்க வேண்டுமானால், இந்த 12 தசைகளும் ஜோடி மாடுகள் வண்டி இழுப்பதுபோல ஒத்து இழுக்க வேண்டும். ஒத்துப் போகாவிட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். சிறு பிள்ளைகளாயின் மூளை தொல்லை வேண்டாமென்று ஒரு கண்ணின் படத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட அந்தக் கண் நாளடைவில் மங்கிப்போகும். இதனைச் சோம்பற்கண் என்பர்.

மாறுகண் பிள்ளை அதிர்ஷ்டப் பிள்ளை என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. அதிர்ஷ்டம் வருகிறதோ இல்லையோ, பார்வை போய்விடுகிறது. பிறந்த சில வாரங்களில் குழந்தையின் கண் அவ்வப்போது ஓடுவது இயல்பு. 4 மாதத்திற்குப் பிறகும் ஓடினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சோம்பற்கண்ணுக்கு நல்ல கண்ணை மூடி வைப்பது ஒரு வைத்தியம். "நல்ல கண்ணையா கட்டுவாங்க?" என்று வீட்டில் பெரியவர்கள் கட்டைப் பிய்த்து எறிந்த கதைகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். நல்ல கண் ஓய்ந்தால்தானே மற்றக் கண் வேலை செய்யும்! நடுத்தரமான குறைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடிய பலன் கிடைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 7 வயதுக்குள் தொடங்குவது நல்லது. அதற்குப்பின்னும் சிலருக்குப் பலன் உண்டு.

மாறுகண்ணாவது பார்த்தால் தெரியும். பார்த்தாலும் தெரியாத குறை ஒன்று உண்டு. புத்தகம் வாசிக்கும்போது இரு கண்களும் மூக்கை நோக்கிச் சற்றுக் குவிய வேண்டும். சிலருக்கு அவ்வாறு குவியாது, குவிந்தாலும் நிலைக்காது. தூரப்பார்வையில் குறையே இராது. இதனைக் கண்குவிவுக் குறை எனலாம்.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். வாய்க்கணக்கில் கெட்டிக்காரன். வாசிக்கச் சொன்னால் வரி தாண்டும். ஒரே வரியை இருமுறை படிப்பான். பத்து நிமிடத்தில் தலைவலி என்பான். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவான். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவினர் சோதித்தபோது, 6 மீட்டர் தொலைவிலிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவன் தாயார், ஒருநாள் கூலியை விட்டுப் பட்டணத்துக் கண்ணாடிக்கடைக்கு அழைத்துப் போனார். குறை ஒன்றுமில்லை என்றார்கள். இன்னொரு கடையில் கண்ணாடியே விற்றுவிட்டார்கள். தலைவலி போகவில்லை. பையன் சோம்பேறி என்று பேர்தான் நிலைத்தது.

அந்த எழுத்துப் பலகை 1862இல் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர் வகுத்தது. மிகவும் பயனுள்ளதுதான். ஆனால் அது ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பது. இரண்டும் கூடி வேலை செய்கின்றனவா என்பதை அது சொல்லாது. இரண்டு மாடும் தனித்தனியே திடமாக இருக்கலாம். ஒரே நுகத்தில் பூட்டினால்தானே குணம் தெரியும்?

தாயார் விடவில்லை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கடிதம் வாங்கி, மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போனார். பல வாரங்கள் காத்திருந்த பின்னரே தவணை கிடைத்தது. அங்கே ஒரு கண்ணை மறைத்தும் திறந்தும் மறு கண் அசைகிறதா என்று பார்த்தார்கள். பென்சில் முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு 10 செண்டிமீட்டருக்குள் வரும் வரை அது ஒன்றாகவே தெரியும். அவனுக்கு 20 செண்டிமீட்டரிலேயே ஒரு கண் வெளியே நழுவிவிட்டது. தனிக் கண்ணாடி போட்டு ஒரு பெரிய ஈயின் படத்தைக் காட்டி, அதன் இறக்கையைக் கிள்ளச் சொல்லும் சோதனையும் உண்டு. இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பிள்ளை, இறக்கை எழும்பி நிற்பதாக எண்ணிக் காற்றைக் கிள்ளும்.

எழுத்து இரண்டாகத் தெரிவதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவனைக் கேட்டோம். "எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் சார்" என்றான். பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, குறை என்று எப்படித் தெரியும்?

இக்குறைக்குப் பயிற்சி உண்டு. 2008இல் அமெரிக்காவில் 221 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. 12 வாரங்கள் கண் மருத்துவ நிலையத்திலும் வீட்டிலும் பயிற்சி செய்தவர்களில் 100க்கு 73 பேர் தேறினர். வீட்டில் பென்சிலை மட்டும் பார்த்துப் பழகியோரில் 43 பேரே தேறினர். ஆனால் இப்பயிற்சியால் மட்டும் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடிவிடவில்லை என்று 2019இல் வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. எங்கள் மாணவனும் அப்படித்தான். தலைவலி நின்றது, கண்ணை மறைப்பதில்லை. விட்டுப்போன இரண்டாண்டுப் பாடத்தை இப்போதுதான் மெல்லப் பிடித்து வருகிறான். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணில்தான் கோளாறு என்றும் எண்ணிவிடாதீர்கள். டிஸ்லெக்சியா என்பது வேறு. அதற்குக் கண்பயிற்சி மருந்தாகாது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு வயதிலிருந்தே ஒரு கண்ணை நம்பி வாழ்பவர்கள் நிழலையும் உருவத்தின் அளவையும் வைத்துத் தூரத்தைக் கணித்துப் பழகியிருப்பார்கள். ஆனால் திடீரென்று ஒருநாள் எல்லாம் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிட்டால், கண்கள் ஒத்துப் போகவில்லை என்று பொருள். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு நரம்புக் கோளாறாக இருக்கலாம். வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ மூளை இரத்தக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோர், வெறுமனே "கண் வலிக்குதாம்" என்று சொன்னால் மறுபடியும் எழுத்துப் பலகையில்தான் முடியும். எப்போது தலை வலிக்கிறது, எத்தனை நிமிடத்தில், எந்தக் கண்ணை மறைக்கிறான் என்று ஒரு வாரம் கவனித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் வகுப்பாசிரியரிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம். மருத்துவரிடம் மலாயில் சொல்ல வேண்டி வந்தால் இந்த ஒரு வாக்கியம் போதும்: "அனாக் சாயா நம்பாக் டுவா பிலா பாச்சா." என் பிள்ளைக்கு வாசிக்கும்போது இரண்டாகத் தெரிகிறது என்பது பொருள். இரண்டு கண்ணையும் சேர்த்துச் சோதித்தார்களா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.