எழுத்தின் ஒழுங்கும் வடிவின் ஒழுங்கும்



'விகடகவி' என்னும் சொல்லைக் கடையிலிருந்து படித்தாலும் 'விகடகவி'யே வரும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் அச்சொல்லை எழுதிக் கண்ணாடி முன் பிடித்தால் அது விகடகவியாக நிற்பதில்லை. மேல்விலங்கு மறுபுறம் திரும்பிவிடுகிறது. ஒலிகளாகப் பிரித்து நோக்கினும் ஒழுங்கு குலைகிறது; சொல் வகர மெய்யில் தொடங்கி இகர உயிரில் முடிகிறது. எனவே இச்சொல்லின் சமச்சீர் கண்ணுக்கும் உரியதன்று, தனியொலிக்கும் உரியதன்று. உயிர்மெய்யை ஓரெழுத்தாக எண்ணும் தமிழ் மரபுக்கே உரியது.

இதற்கு நேர்மாறாக, வடிவத்தையே நம்பி நிற்கும் கலை ஒன்று மேலைநாட்டில் வளர்ந்துள்ளது. அதனை 'ஆம்பிகிராம்' என்பர். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே சொல்லாகவோ வேறொரு சொல்லாகவோ படிக்குமாறு எழுத்துகளை வரைவது அது. அமெரிக்க ஓவியர் பீட்டர் நியூவெல் 1893இல் வெளியிட்ட தலைகீழ்ப் படநூலிலேயே இத்தகைய எழுத்து விளையாட்டு உண்டு. ஸ்காட் கிம் 1981இல் 'இன்வர்ஷன்ஸ்' என்னும் நூலையும், ஜான் லாங்டன் 1992இல் 'வேர்ட்பிளே' என்னும் நூலையும் வெளியிட்டு இதனைத் தனிக்கலையாக நிலைநிறுத்தினர். டான் பிரௌன் 2000ஆம் ஆண்டில் எழுதிய புதினத்திற்கு லாங்டன் வரைந்து தந்த எழுத்தோவியங்கள் இக்கலையை உலகறியச் செய்தன.

ஆங்கிலப் பேரெழுத்தில் 'ஸ்விம்ஸ்' என்னும் சொல் எவர் முயற்சியுமின்றித் தலைகீழாகவும் அதுவாகவே நிற்கும். பிற சொற்களுக்குக் கலைஞனின் கை வேண்டும். முதலெழுத்து திரும்பியபின் கடையெழுத்தாதல் வேண்டும். பொருந்தாத இடத்தில் ஒரு கோட்டை நீட்டுகிறான். ஓரெழுத்தை இரண்டாகப் பிரிக்கிறான். அணிவளைவை எழுத்தின் உறுப்பாக்குகிறான். எஞ்சிய குறையை நிரப்புவது படிப்பவர் கண்ணே. எழுத்தெழுத்தாக அன்றி, சொல்லை முழுமையாக எதிர்நோக்கிப் படிக்கும் பழக்கமே இக்கலைக்கு அடித்தளம்.

தமிழெழுத்து இதற்கு இடந்தருமா? கண்ணாடியில் பகரம் ஏறத்தாழப் பகரமாகவே நிற்கும், ஆய்தமும் அவ்வாறே. தலைகீழாக்கினால் இரண்டும் மாறிவிடும். டகரமோ ஏறத்தாழ 7 என்னும் எண்ணுருவாகிறது. மெய்யின் தலைமேல் நிற்கும் புள்ளி அடிக்கு வந்துவிடுகிறது. முன் நின்ற கொம்பு பின்னும், பின் நின்ற கால் முன்னும் போகின்றன. வழி கடினமே. ஆயினும், கடினமே இத்தகைய கலைகளைத் தோற்றுவிப்பது.

நம் மரபு வேறொரு வழியைத் தேர்ந்தது. தண்டியலங்காரம் சொல்லணியியலில் சித்திரகவி வகைகளுள் ஒன்றாக மாலைமாற்றைக் கூறுகிறது. அந்நூலுக்கு முன்பே, 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மாலைமாற்றாகவே ஒரு பதிகம் பாடினார். பதினொரு பாடல்கள் கொண்ட அது மூன்றாம் திருமுறையில் உள்ளது. அப்பதிகத்தில் 'ணா' என்னும் எழுத்து வருகிறது. தமிழக அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன், அவ்வெழுத்து கால் தனியே நில்லாத சேர்ப்பு வடிவில் அச்சாயிற்று. ஓலையினின்று அச்சுக்கும், பழைய வடிவினின்று புதிய வடிவுக்கும் எழுத்து மாறியும் பதிகத்தின் ஒழுங்கு இம்மியும் குலையவில்லை. அது வடிவத்தில் அன்றி எழுத்தின் வரிசையில் நிற்பதே காரணம். ஆம்பிகிராமோ வரைந்த கோட்டோடு பிறந்து, அக்கோடு மாறினால் மறைவது. அதனை வேறொரு அச்செழுத்தில் கோத்தால் வெறுஞ்சொல்லே எஞ்சும்.

அதனால் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என முடிவு கட்டுதல் பொருந்தாது. மாலைமாற்று காலத்தை வென்றது. எனினும் உரையின் துணையின்றிப் பொருள் விளங்குவது அரிது. ஆம்பிகிராம் கண்டவுடன் வியப்பூட்டுகிறது. எனினும் வியப்பு அடங்கியபின் அதனிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இச்சொல் ஏன் திரும்ப வேண்டும்? பிறப்பும் இறப்பும், இரவும் பகலும் போலத் திரும்புதலையே பொருளாகக் கொண்ட சொல் திரும்பும்போது வடிவம் பொருளைப் பேசுகிறது. பிற இடங்களில் அது கைத்திறன் மட்டுமே.

சித்திரகவியைச் சொற்சிலம்பம் என ஒதுக்குவோரும், அதுவே புலமையின் எல்லை எனப் போற்றுவோரும் இவ்வினாவை எழுப்புவதில்லை. கட்டுப்பாடு குற்றமன்று, வெண்பாவும் கட்டுப்பாடே. கட்டுப்பாட்டுக்காகப் பொருளைக் கைவிடுவதே குற்றம். கவிஞர் எழுத்தை எண்ணுகிறார். எழுத்தோவியர் அதனை வளைக்கிறார். இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, திரும்ப வேண்டிய ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடத் தொடங்கினால், பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு அது நல்ல தொடக்கமாகும்.