கார்ட்டில் போட்டுட்டுப் போனவங்க எங்க போனாங்க?

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். ஆபீஸ்ல நான் பேமென்ட் சம்பந்தமான சாஃப்ட்வேர் எழுதுற ஆளு. ஆனா சொந்த அக்காவோட கடைக்கு நான் செஞ்சு கொடுத்த ஒரு விஷயம், பல மாசமா அவங்க லாபத்தைத் தின்னுட்டு இருந்துச்சு. எனக்கு அது தெரியவே இல்ல.

அக்கா இருக்கிறது எங்க ஊர் பெருநகர்ல. காஞ்சிபுரத்துல இருந்து வந்தவாசி போற ரோட்ல, உத்திரமேரூர் தாலுகா. காஞ்சிபுரத்துல நெசவாளர்கள்கிட்ட பட்டுப் புடவை எடுத்து, வீட்டு முன் ரூம்ல போட்டோ எடுத்து, வெப்சைட்ல விற்கிறாங்க. கடைன்னா ஒரு பீரோ, ஒரு ரிங் லைட், கூரியர் கொண்டுபோய் போட மாமாவோட பைக். அவ்வளவுதான்.

தைப்பூசத்துக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா பிடிச்சுக்கிட்டாங்க. "டேய், கார்ட்ல எல்லாரும் போடறாங்க, வாங்குறது மட்டும் யாருமில்ல. உன் சைட்ல ஏதோ கோளாறு இருக்கு, பாரு."

நான் உடனே பெரிய மனுஷன் மாதிரி விளக்கம் கொடுத்தேன். டென்மார்க்ல பேமார்ட் இன்ஸ்டிடியூட்னு ஒண்ணு இருக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்து அவங்க போட்ட சராசரிக் கணக்குப்படி, ஆன்லைன் கார்ட்டுகள்ல கிட்டத்தட்ட 70 சதவீதம் பணம் கட்டாமலே கைவிடப்படுது. உலகம் முழுக்க இப்படித்தான்க்கா, சகஜம்னு சொன்னேன்.

"ஊர்ல எல்லார் கடையிலயும் போனா எனக்கு என்னடா? என் பீரோவுல புடவை அப்படியே கிடக்குதே."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நான் ஏற்கனவே செஞ்சு வெச்சிருந்தது இதுதான். யாராவது புடவையை கார்ட்ல போட்டுட்டுப் போனா ஒரு மணி நேரத்துல ஒரு மெசேஜ்: "எதையோ மறந்துட்டீங்களே!" அடுத்த நாள் இன்னொண்ணு: "உங்க புடவை காத்திருக்கு!" மூணாவது நாள் 10 சதவீத தள்ளுபடி கூப்பன். எல்லா ஈ-காமர்ஸ் பாடத்துலயும் இருக்கிற ஃபார்முலா. டேஷ்போர்டுல 'மீட்கப்பட்ட விற்பனை'ன்னு பச்சைக் கலர்ல ஒரு கோடு ஏறிட்டே போச்சு. நானும் அதைப் பார்த்துப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் ரெகுலர் கஸ்டமர் ஒருத்தங்க அக்காவுக்கு போன் பண்ணி, "மூணு நாள் ஆச்சேம்மா, அந்த பத்து பர்சன்ட் மெசேஜ் இன்னும் வரலையே?"ன்னு கேட்டாங்க.

அப்பதான் புரிஞ்சுது. வாங்கணும்னு முடிவு பண்ணினவங்களே கார்ட்ல போட்டுட்டுக் காத்திருக்காங்க. அதுக்குப் பழக்கிவிட்டது நான். ஒரு கணக்குக்கு, புடவை 12,000 ரூபாய், அதுல அக்காவுக்கு நிக்கிறது 2,000னு வெச்சுக்கங்க. பத்து சதவீதம்னா 1,200 போச்சு. லாபத்துல பாதிக்கு மேல. நெசவாளருக்குக் கொடுக்கிற காசை அக்கா குறைக்க மாட்டாங்க, கூரியர்காரர் குறைக்க மாட்டார். குறைஞ்சதெல்லாம் அக்கா பங்குதான்.

இதை விட மோசமான ஒண்ணு இருந்துச்சு. அந்த மெசேஜ்களுக்கு வந்த பதில்கள் எல்லாம் நாங்க திறந்தே பார்க்காத ஒரு இன்பாக்ஸ்ல கிடந்தது. அன்னைக்கு ராத்திரி அக்காவும் நானும் உட்கார்ந்து படிச்சோம். ஒருத்தங்க எழுதியிருந்தாங்க: "அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. கல்யாணம் தள்ளிப் போயிருக்கு. தயவுசெஞ்சு மெசேஜ் அனுப்பாதீங்க." அது முதல் மெசேஜுக்கு வந்த பதில். அதுக்கப்புறமும் என் புரோகிராம் அவங்களுக்கு ரெண்டு மெசேஜ் அனுப்பியிருக்கு. ஒண்ணுல பட்டாசு எமோஜி வேற.

அக்கா ஒண்ணும் சொல்லல. போனைக் கீழ வெச்சுட்டு, "அதை நிறுத்திடு"ன்னு மட்டும் சொன்னாங்க. அங்கேயே நிறுத்தினேன்.

அப்புறம் ரெண்டு நாள் ஒவ்வொரு கார்ட்டா கையால பார்த்தோம். டேட்டா சயின்ஸ் எல்லாம் இல்ல, ஒரு நோட்டுப் புஸ்தகம்தான். அதுல எனக்குப் பெரிய பாடமே அக்கா சொன்ன ஒரு வார்த்தை.

காஞ்சிபுரத்துல பட்டுக் கடைக்குப் போயிருக்கீங்களா? பாய் விரிச்சு உட்கார வெப்பாங்க. அவங்க ஒண்ணொண்ணா பிரிச்சுப் போடுவாங்க. நாம "இது வேணாம்... இது வேணாம்... இதைத் தனியா வைங்க"ன்னு சொல்லிட்டே இருப்போம். தனியா வெச்சது பத்து சேரும். கடைசியா அம்மா, அத்தை, பொண்ணு எல்லாரும் பார்த்து அதுல ஒண்ணு எடுப்பாங்க. மீதி ஒன்பதை யாரும் 'கைவிட்ட புடவை'ன்னு சொல்றதில்ல. கடைக்காரர் கோவிச்சுக்கறதும் இல்ல. மடிச்சு அலமாரியில வெச்சுடுவார்.

"அவங்க கார்ட்ல போடல்லடா, தனியா வைக்கச் சொல்றாங்க"ன்னாங்க அக்கா.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை 1937ல அமெரிக்காவுல, ஓக்லஹோமாவுல சில்வன் கோல்ட்மேன்னு ஒரு கடைக்காரர் கொண்டு வந்தார். ஆரம்பத்துல ஜனங்க அதைத் தொடவே இல்லையாம். ஆள் வெச்சுத் தள்ளிக் காட்டித்தான் பழக்கியிருக்கார். மளிகைக்கு வந்த வண்டி அது. அதை அப்படியே தூக்கிப் பட்டுப் புடவைக்கு வெச்சா சரிப்படுமா?

அதனால கார்ட் பட்டனுக்கு மேல 'தனியா வைங்க'ன்னு தமிழ்லயே ஒரு பட்டன் போட்டேன். அதுல சேர்த்ததை ஒரே லிங்க்கா வாட்ஸ்அப்ல குடும்பத்துக்கு அனுப்பலாம். விஷ்லிஸ்ட்தான், புதுசு ஒண்ணுமில்ல. ஆனா கார்ட்ல வந்து விழுறது குறைஞ்சுது, விழுந்ததுல வாங்குறவங்க யாருன்னு தெளிவாச்சு. ஒவ்வொரு டிசைனும் ஒரே பீஸ்ங்கறதால இது ரொம்ப முக்கியம். பணம் கட்டுற பக்கத்துக்கு வந்தவங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் அந்தப் புடவையைப் பிடிச்சு வைக்கிறோம்.

அடுத்தது வாட்ஸ்அப். நிறைய பேர் கார்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இது இருக்காக்கா?"ன்னு அனுப்பி, நேரா ஜிபே பண்ணிடறாங்க. சைட் கணக்குல அவங்களும் 'கைவிட்டவங்க'. புடவை வாங்கிக் கட்டிக்கிட்டுப் போட்டோவும் அனுப்பின ஒருத்தங்களுக்கு என் புரோகிராம் "மறந்துட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கு.

மூணாவது கண்டுபிடிப்பு, இது டெக்னிக்கலா என் மானத்தை வாங்கினது. யுபிஐ-ல பணம் கட்ட கஸ்டமர் வேற ஆப்புக்குப் போறாங்க. கட்டிட்டுத் திரும்பி வரும்போது, மெமரி கம்மியான போன்ல நம்ம பக்கம் மூடிப்போய் முதல்ல இருந்து லோட் ஆகுது. நான் 'பணம் வந்துச்சு'ங்கறதை பிரவுசர் திரும்பி வந்து சொல்றதை வெச்சுத்தான் முடிவு பண்ணியிருந்தேன். பிரவுசர் வரலைன்னா பணம் அக்கவுன்ட்ல, ஆர்டர் அந்தரத்துல! ஆபீஸ்ல ஒரு ஜூனியர் இப்படி எழுதினா நானே திட்டுவேன். பேமென்ட் கேட்வே நேரடியா நம்ம சர்வருக்கு அனுப்புற வெப்ஹூக்கை வெச்சுத்தான் ஆர்டரை உறுதி பண்ணணும். மாத்திட்டேன்.

இங்க நீங்க வாங்குற பக்கம் இருந்தாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. யுபிஐ-ல கடைக்குக் கட்டி, பணம் போயிடுச்சு, ஆனா கடைக்கு உறுதி வரலைன்னா, அஞ்சு நாளுக்குள்ள தானா திரும்பணும். தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட விதி.

கூரியர் காசு கதை உங்களுக்கே தெரியும், கடைசிப் பக்கத்துல காட்டினா ஆள் ஓடிடுவாங்க. பேமார்ட் சர்வேயிலயும் "சும்மா பார்த்தேன்"னு சொல்றவங்களை விட்டுட்டா, முதல் காரணம் கூடுதல் செலவுதான். இந்தியாவுக்குள்ள கூரியரை விலையிலேயே சேர்த்துட்டோம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு எவ்வளவுன்னு புடவைப் பக்கத்துலயே போட்டுட்டோம்.

ஆபீஸ் நண்பன் ஒருத்தன், "டைமர் ஓடவிடு, '12 பேர் இப்ப பார்க்கறாங்க'ன்னு போடு"ன்னான். 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 'டார்க் பேட்டர்ன்' 13 வகைன்னு பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. பொய் அவசரம் காட்டுறது அதுல ஒண்ணு. கேக்காத பொருளைக் கூடையில சொருகறது இன்னொண்ணு. 'ஒரே பீஸ்'னு நாங்க போடறோம், ஏன்னா அது நிஜம்.

இப்ப மெசேஜ் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் 'அனுப்பலாம்'னு அவங்களே டிக் பண்ணியிருந்தா மட்டும். வார்த்தை அக்காவோடது: "வணக்கம்மா, இந்தப் புடவை பத்தி ஏதாவது கேக்கணுமா? வெயில்ல வெச்சு வீடியோ எடுத்து அனுப்பட்டுமா?" கூப்பன் கிடையாது. பதில் வந்தா அக்காவே பேசறாங்க.

வர்ற கேள்வியெல்லாம் என்ன தெரியுமா? "மஞ்சள்னு போட்டிருக்கீங்க, மாம்பழ மஞ்சளா, எலுமிச்சை மஞ்சளா?" "சில்க் மார்க் லேபிள் இருக்கா?" "பிளவுஸ் தைக்க ஒரு வாரம் வேணும், எப்ப கைக்கு வரும்?" இதுல ஒண்ணுக்குக் கூட பத்து சதவீதம் பதில் இல்ல. தேதி இடிச்சா அக்கா "முடியாதும்மா"ன்னு சொல்லிடறாங்க. அந்த வியாபாரம் போகுதுதான்.

அந்த ஆஸ்பத்திரி பதில் போட்டவங்களுக்கு அக்கா போன் பண்ணி மன்னிப்புக் கேட்டாங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாது, மாடிக்குப் போய்ப் பேசினாங்க. திரும்பி வந்து அந்த அரக்குப் புடவையை சைட்ல இருந்து எடுக்கச் சொன்னாங்க. முன்பணம் ஒண்ணும் வாங்கல. இன்னும் பீரோவுல மேல் தட்டுல இருக்கு.

"ஸ்டாக் முடங்குதேக்கா"ன்னேன்.

"தேதி வெச்சதும் சொல்வாங்கடா"ன்னுட்டு அடுத்த புடவைக்கு ரிங் லைட்டைத் திருப்பிட்டாங்க.

அடுத்த எபிசோடுல ரிட்டர்ன் வர்ற புடவைகளைப் பத்திப் பேசலாம். அக்காவையே மைக் முன்னாடி உட்கார வைக்கப் பார்க்கிறேன்.