மின்பொறியியல் கல்வியும் எங்கள் குறிக்கோளும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் மின்பொறியியல் மாணவர் மூவர் சார்பில் நிகழ்த்திய உரை)



இச்சங்கம் அளித்த நூல்களாலும் கட்டண உதவியாலும் மின்பொறியியல் இறுதியாண்டு பயில்வோர் நாங்கள் மூவர். ஒரே காலனியில் பிறந்தவர்கள். இப்படிப்பை ஏன் தேர்ந்தோம், இதனைக் கொண்டு என்ன செய்யக் கருதுகின்றோம் என்பதை உங்கள்முன் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

எங்களுள் இருவரின் தந்தையர் மின்கம்பம் நடுவதற்குக் குழி தோண்டியவர்கள். ஆயினும் ஊரில் விளக்கு எரிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே காலனிக்குக் கம்பி வந்தது. வந்த பின்னும் அந்தி சாய்ந்தால் குழல்விளக்கு எரியாது. மின்விசிறி சோர்ந்து சுற்றும். 'காலனிக் கரண்ட் அப்படித்தான்' என்று பிறர் கூற, நாங்களும் அவ்வாறே நம்பியிருந்தோம்.

கல்லூரியில் முதலாண்டு எளிதாக இருக்கவில்லை. ஆங்கிலத்தில் நடந்த பாடம் விளங்காமல் இருவர் கணிதத்தில் தவறினோம். சங்கத்தின் ஞாயிறு வகுப்பே எங்களைத் தூக்கி நிறுத்தியது. இரண்டாம் ஆண்டில்தான் எங்கள் தெருவின் இருட்டுக்குக் காரணம் அறிந்தோம். கம்பி நீள நீள மின்தடை மிகும். மின்னோட்டம் மிகுந்தால் வழியிலேயே மின்னழுத்தம் குறையும். ஊர் டிரான்ஸ்பார்மரிலிருந்து புறப்படும் கம்பி எங்கள் காலனியில்தான் முடிகின்றது. ஒரு வாரம் மாலைதோறும் அளந்தோம். 230 வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில், கடைசிக் கம்பத்தில் 168 வோல்ட்டே இருந்தது.

உயர் அழுத்தத்தில் மின்சாரத்தை அனுப்பினால் மின்னோட்டம் குறையும். மின்னோட்டம் பாதியானால் கம்பியில் வீணாகும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். எனவே 11,000 வோல்ட்டுப் பாதையைக் காலனிவரை நீட்டி, அங்கேயே டிரான்ஸ்பார்மர் அமைக்கவேண்டும் எனக் கணக்குடன் மனு எழுதினோம். முன்னர்ப் பெரியோர் கொடுத்த மனுக்கள் பல கிடப்பில் கிடந்தன. இம்முறை பத்துத் திங்களில் டிரான்ஸ்பார்மர் வந்தது. இரங்கி வேண்டியபோது கிடைக்காதது, அளந்து காட்டியபோது கிடைத்தது. நாங்கள் கற்ற முதற்பாடம் இதுவே.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின் வாரியம் தோன்றியது அவர் காலத்தில்தான். மின்சாரம் எங்கே, எவருக்கு என்று திட்டமிடும் இருக்கையில் அவர் அமர்ந்தார். குழி தோண்டும் கைகளாக மட்டும் நம்மை வைத்திருந்த துறையில், வரைபடம் தீட்டும் கைகளாகவும் நாம் இருத்தல் வேண்டும்.

இன்று இத்துறை மாறிவருகின்றது. இராமநாதபுரம் மாவட்டக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. ஆனால் கதிரவன் மறைந்த பின்னரும் வீடுகளுக்கு விளக்கு வேண்டும். ஆகவே பகல் மின்சாரத்தைச் சேமித்தல் பெரும்பணியாகியுள்ளது. ஆனைமலையில் 1987இல் இயங்கத் தொடங்கிய காடம்பாறை நிலையம் இதற்கு வழிகாட்டி. மின்சாரம் மிகும் வேளையில் நீரை மேலணைக்கு ஏற்றி, தேவை மிகும் வேளையில் இறக்கி, 400 மெகாவாட் வரை அது தருகின்றது.

எங்களுள் ஒருவர் மின் வாரியப் பொறியாளராகி, கடைசிக் கம்பங்களின் குறை தீர்க்க விழைகின்றார். மற்றொருவர் காற்றாலை, சூரிய மின்சாரத்தை மின்தொடரில் இணைக்கும் பணியை நாடுகின்றார். மூன்றாமவரான சகோதரி, கேட் தேர்வெழுதி, மின்சேமிப்பில் ஆய்வு செய்ய உறுதி பூண்டுள்ளார். 'பெண்ணுக்கு ஏன் கரண்ட் படிப்பு?' என்றோர்க்கு அவர் மதிப்பெண்களே விடை.

இளைஞர்களே! ஒன்பதாம் வகுப்பிலேயே கணிதத்தைப் பற்றிக்கொள்ளுங்கள். பட்டயப் படிப்பு முடித்தோரும் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். ஐ.டி.ஐ. பயில்வோர் தம்மைத் தாழ்வாக எண்ணவேண்டா. அதுவும் இத்துறையின் வாயிலே.

வேலை கிடைத்தவுடன் எங்கள் கடன் தீர்ந்துவிடாது. ஞாயிறு வகுப்பில் கணிதம் கற்பிக்கும் பொறுப்பை வரும் ஆண்டு முதல் நாங்கள் மூவரும் ஏற்கின்றோம். இவ்வுறுதியையே வெள்ளிவிழாக் காணிக்கையாக அளித்து அமைகின்றோம்.