கண்டிச் சிவப்பும் கணினித் திரையும்

கண்டி நகரிலிருந்து லேவெல்லப் பக்கமாக மகாவலி கங்கையைக் கடந்து செல்வோர் தெகல்தொருவ விகாரையை அடைவர். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் 1747 முதல் 1782 வரை கண்டியில் அரசு செலுத்தினான். அவன் காலத்தில் தொடங்கிய இப்பாறைக் கோயிலின் சுவர்களில், தேவரகம்பொல சில்வத்தென்ன என்பாரும் அவருடன் தொழில் செய்தோரும் ஜாதகக் கதைகளை ஓவியமாகத் தீட்டினர். இன்று அவ்வோவியங்களைச் சுவரிற் காண்போரிலும் கணினித் திரையிற் காண்போரே மிகுதி. திரையிலே தோன்றும் சிவப்பு, சுவரிலுள்ள சிவப்புத்தானா? இக்கேள்வி கலை பயிலும் மாணவருக்கு அற்பமானதன்று.

கண்டிய ஓவியர் கையாண்ட வண்ணங்கள் மிகச் சிலவே. சிவப்பு சாதிலிங்கத்திலிருந்து வந்தது. சிங்களத்திலும் அதற்குச் சாதிலிங்கம் என்றே பெயர். மஞ்சளுக்கு அரிதாரமும் கொகட்டு மரத்தின் பாலும் உதவின. வெண்மைக்கு ஒருவகை வெண்களிமண்; கருமைக்குப் புகைக்கரி. நீலம் அரிதாகவே பயன்பட்டது. மேலைநாட்டு ஓவியத்திற் காணும் ஒளியும் நிழலும் இங்கு இல்லை. உருவத்தை ஒரு கோடு வரையறுக்கும், அதனுள்ளே ஒரே சீரான வண்ணம் நிரம்பும். ஆகவே வண்ணம் பிழைத்தால் இவ்வோவியத்தைத் தாங்குவதற்கு வேறொன்றும் இல்லை எனலாம்.

ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை வெளியிட்டபோது, அதற்கு வேண்டிய நிழற்படங்களை அவர் மனைவியார் எதெல் எடுத்துதவினார். அக்காலத்து நிழற்படம் கருமையும் வெண்மையுமே காட்டும். வண்ணத்தைச் சொல்லால் விளக்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம் தனக்கு நிறம் தெரியாது என்பதை ஒளிக்கவில்லை. இன்றைய திரையோ தெரிந்ததுபோலவே காட்டுகிறது. இடர்ப்பாடு அங்கேதான்.

வெசந்தர ஜாதகத்திலே வெள்ளையானையைத் தானம் கொடுக்கும் காட்சி யாவரும் அறிந்தது. அதன் படத்தை ஒரு மாணவர் தம் மொனிற்றரிற் பார்க்கிறார் எனக் கொள்வோம். கடையில் வாங்கி வந்தபடியே இருக்கும் திரைகள் பலவற்றில் வெண்மை நீலம் பாய்ந்ததாயும் ஒளி மிதமிஞ்சியதாயும் இருக்கும்; கடைத்தெருவிலே பக்கத்துத் திரையைத் தோற்கடிக்கவே அவ்வாறு அமைக்கிறார்கள் போலும்! யானையின் உடலில் இளநீலம் தெரிகிறது. ஓவியர் வெண்மையில் நீலம் கலந்தார் என்று மாணவர் தம் கட்டுரையில் எழுதிவிடுகிறார். சில்வத்தென்ன செய்யாத ஒன்றை அவர் தலையிற் சுமத்தியது மொனிற்றரே. கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம், அதே திரையை நம்பி ஒருவர் பழைய சுவரிலே வண்ணம் தடவினால், அதனைத் திருத்துவது எளிதன்று.

திரையைச் செவ்வைப்படுத்துவது கடினமான காரியமன்று. பொறுமை வேண்டும், அவ்வளவே. முதலில் அதனை அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடேற விடல் நன்று. இரவில் திரையை மஞ்சளாக்கும் நைற் லைற் வசதியையும், ஒளியைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்துதல் வேண்டும். பின்னர் மொனிற்றரின் பட்டியலிலே எஸ்.ஆர்.ஜி.பி. என்பதைத் தெரிவு செய்யலாம். 1996இல் முன்மொழியப்பட்டு 1999இல் அனைத்துலக நியமமாக ஏற்கப்பட்ட அளவு அது. அஃது இல்லாவிடின் 6500 கெல்வின் என்னும் வெண்மையைத் தெரிவு செய்க. நடுப்பகல் வான ஒளியை ஒத்த வெண்மை அது. 9300 கெல்வின் என்றால் நீலம் பாயும்.

அடுத்தது ஒளியின் அளவு. சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கன்டெலா போதும் என்பர். கருவியில்லாதவர், அறையின் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெண்மை தாளை ஒத்திருக்கும் வரை குறைக்கலாம். காமா என்னும் அளவு 2.2 ஆக இருத்தல் வேண்டும். அது பிழைத்தால் இடைநிலை வண்ணங்கள் வெளிறும் அல்லது இருளும். சாதிலிங்கச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். விண்டோஸ் கணினியில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. வட்டங்களின் நடுவேயுள்ள சிறு புள்ளிகள் மறையும் வரை அதிற் காமாவைச் சரிசெய்யலாம். கறுப்புக் கோட்டு அணிந்தவரின் படத்திலே கோட்டும் சட்டையும் பிரிந்து தெரிதல் வேண்டும். சாம்பற் பட்டைகளிலே வேறெந்த நிறமும் ஏறியிருத்தல் ஆகாது. கண்ணையே நம்பிச் செய்யும் இவ்வேலைக்கு எல்லையுண்டு. நிறமானி என்னும் சிறு கருவியைத் திரையில் ஒட்டவைத்து அளந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். பள்ளிக்கூடங்களும் நூலகங்களும் ஒன்றை வாங்கிப் பலர் பயன்படுத்தினால் செலவு பெரிதன்று.

அறையையும் மறத்தலாகாது. கண்டியிலே மலைச்சாரலின் பச்சை சாளரம் வழியே உள்ளே வந்து சுவரிற் படியும். பனிமூட்டம் விலகியதும் வெயில் திடீரெனப் பாயும். காலையிற் பார்த்த வண்ணத்தை மாலையில் மாற்றிக் காணும் கண்ணே இதிற் பெருங் குற்றவாளி. திரையைச் சாளரத்துக்குப் பக்கவாட்டில் வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஒரே மின்குமிழின் கீழ் வேலை செய்தல் நலம்.

இத்தனையும் செய்தாலும், படமெடுத்தவர் பிழைத்திருந்தால் பயனில்லை. மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தைச் சரியான திரை சரியாகவே மஞ்சளாகக் காட்டும். அதனாலேயே, முறையறிந்தோர் சுவரோடு சேர்த்து 24 வண்ணக் கட்டங்கள் கொண்ட அட்டையொன்றையும் படமெடுப்பர். 1976 முதல் வழங்கிவரும் அவ்வட்டையின் சாம்பற் கட்டம் திரையிலும் சாம்பலாகத் தோன்ற வேண்டும். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையில் குண்டு வெடித்தபோது மேற்பூச்சுப் பெயர்ந்து, அதன் கீழிருந்து முற்காலத்து ஓவியப் படைகள் வெளிப்பட்டன. அத்தகைய சுவர் ஒருமுறை திறந்து மறுபடி மூடப்பட்டால், பின்வருவோருக்கு எஞ்சுவது படம் மட்டுமே. வண்ண அட்டை இல்லாத படத்தில் எந்தச் சிவப்பு இருந்தது என்று எவராலும் உறுதியாகக் கூறவியலாது.