லாரியோட்டப் புகும் இளைஞர் ஊதியத்தை ஆராயும் முறை

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய யாம் லாரித் தொழிலைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், எம்மிடம் இலக்கணம் பயின்ற மாணாக்கருள் ஆண்டுதோறும் சிலரேனும் கனரக வண்டிக்கு உரிமம் பெற்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் வண்டியேறுகின்றனர். ஏறுமுன் அவர்கள் எம்மிடம் வந்து வினவுவது ஒன்றே: "ஐயா, மாதச் சம்பளத்துக்குப் போவதா, வாடகையில் பங்குக்குப் போவதா?" இவ்வவையில் வண்டி உடையவரும் உளர், வண்டியோட்டும் பிள்ளைகளைப் பெற்றோரும் உளர். நடுநின்று பேசவே விழைகின்றோம். எங்கேனும் சாய நேரின், புதிதாய்ப் புகும் பிள்ளையின் பக்கமே சாய்வோம் என்பதை முன்னரே ஒப்புக்கொள்கின்றோம்.

ஊதியம் என்னும் சொல் இன்று சம்பளத்தைக் குறிக்கின்றது. பழைய நூல்களிலோ அது ஆதாயத்தையே குறித்தது. செலவு போக எஞ்சி நிற்பது எதுவோ அதுவே ஊதியம். இப்பழம்பொருளை மனத்திற் கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நம் சமவெளியில் வழங்கும் முறைகள் பல. மாதச் சம்பளமும் நாட்படியும் சேர்த்துத் தருவது ஒன்று. நடைக்கு இவ்வளவு என்று பேசுவது மற்றொன்று. வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று பங்கு தருவது மூன்றாவது. டீசலுக்கு அளவு குறித்து, மிச்சம் ஓட்டுபவனுக்கே என்று விடுவதும் உண்டு. இது பெரும்பாலும் ஏனையவற்றோடு ஒட்டியே வரும். எது மிகுதியாகத் தரும் என்று கேட்பது பிழையன்று. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: வண்டி நிற்கும் நாளின் நட்டத்தை யார் சுமப்பது?

ஒரு கணக்குப் பார்ப்போம். இத்தொகைகள் கணக்கு விளங்கும் பொருட்டு யாம் வைத்துக்கொண்டனவே. சந்தை நிலவரம் அல்ல. வடநாட்டுக்கு ஒரு நடை. போக வாடகை 60,000 ரூபாய், வர 40,000 ரூபாய், பங்கு நூற்றுக்கு 12. பத்து நாளில் வீடு திரும்பினால் 12,000 ரூபாய் கிடைக்கும்; நாளொன்றுக்கு 1,200. உணவு முதலியவற்றுக்கு 300 கழித்தால் 900 எஞ்சும். இதைக் கேட்ட எப்பிள்ளைக்கும் மாதச் சம்பளம் கசக்கும். ஆனால் திரும்பு லோடு கிடையாமல் ஐந்து நாள் அங்கே நின்று, பின்னர் 30,000 ரூபாய்க்கே ஏற்ற நேர்ந்தது என்று கொள்வோம். பங்கு 10,800 ரூபாய்; நாட்கள் பதினைந்து. நாளொன்றுக்கு 720 ஆகி, உணவு போக 420 எஞ்சும். மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளமும் நாள் ஒன்றுக்கு 400 ரூபாய்ப் படியும் பெறுபவனுக்கோ, வண்டி ஓடினும் நிற்பினும், உணவு போக 600 ரூபாய் எஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பங்கு என்பது ஒருவகையில் வாணிகத்திற் சேர்தலாகும். லோடு கிடைக்கும் இடம், காக்கும் நாள், புரோக்கர்களின் பழக்கம் இவற்றையெல்லாம் அறிந்த பழைய ஓட்டுநர்க்கு அஃது ஏற்றதாகலாம். முதல் ஆண்டிலேயே அதிற் புகுபவன் தனக்குத் தெரியாத சந்தையின் நட்டத்தைத் தலைமேற் கொள்கின்றான். அவனுக்குச் சம்பளமும் படியுமே தக்கது என்பது எம் கருத்து. அங்கும், வண்டி பட்டறையில் நிற்கும்போது படி உண்டா, வீட்டிலிருக்கும் நாளுக்குச் சம்பளம் ஓடுமா என்று கேட்டறிதல் வேண்டும். பங்குதான் என்றால், இரண்டு ஓட்டுநர் ஏறும் வண்டியில் அப்பங்கு ஒருவர்க்கா இருவர்க்குமா, கிளீனர் கூலி யார் தலையில் விழும் என்பவற்றைக் கேட்டல் வேண்டும்.

வழிச்செலவுத் தொகையில் மிச்சம் பிடிக்கலாம் என்று முதியோர் சிலர் இன்றும் அறிவுரை கூறுகின்றனர். அஃது அவர்கள் காலத்து உண்மை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானபின் சுங்கக் கட்டணம் உடையவர் கணக்கிலிருந்தே கழிகின்றது. ஓட்டுபவன் கையில் புரளும் பணம் சுருங்கிவிட்டது, மிச்சமும் சுருங்கிற்று.

டீசல் மிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கின்றது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயை நீவிர் யாவரும் அறிவீர். அவ்விறக்கத்தில் எத்துணை வண்டிகள் கட்டிழந்து முன் சென்ற வண்டிகளின்மேல் மோதின என்பதும் அறிவீர். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் மிஞ்சும் என்று வண்டியை நியூட்ரலில் உருட்டுவோர் உண்டு. எஞ்சினையே அணைப்போரும் உண்டு. கியரில் இல்லாத வண்டிக்கு எஞ்சினின் பிடிப்பு இல்லை. பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்கிச் சூடேறித் தளரும். எஞ்சின் அணைந்தாலோ காற்று பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கருவியும் நின்றுவிடும். மிதிக்க மிதிக்க உள்ள காற்றும் குறையும். மிச்சத்தைக் கூலியாக வைத்தவர் இதனைக் கருதியிரார். ஆனால் அவர் வைத்த கூலி இறக்கத்தில் அவ்விளைஞனின் காதில் ஓதுவது இதனையே. ஆதலால், கணவாய் வழியோடும் வண்டியில் டீசல் மிச்சத்தை ஊதியமாக ஏற்க வேண்டா என்று எம் மாணாக்கர்க்குக் கண்டித்தே கூறிவருகின்றோம். டன் கணக்கில் வாடகை பேசிப் பங்கு தருவதிலும் இத்தகைய கேடுண்டு. மிகுபாரம் ஏற்ற மனம் தாவும். 2019 செப்டம்பர் முதல் அதற்குத் தண்டம் 20,000 ரூபாயும், மிகுந்த டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். அத்தண்டம் யாருடையது என்பதைப் புறப்படுமுன் பேசிக்கொள்ளல் நலம்.

சட்டம் காக்காதோ எனின், 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்து, நெடுவழி ஓட்டத்துக்கு 10 மணியும் 54 மணியும் வரை இடந்தந்தது. ஆனால் ஐவரேனும் வேலை செய்யும் நிறுவனங்களையே அது தழுவிற்று. ஓரிரண்டு வண்டி வைத்திருப்போர் மலிந்த நம் பகுதியில் அதன் நிழல் பலர்மேற் படவில்லை. பின்னர் 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டத்துள் அதனை அடக்கினர். விபத்தில் ஊறுபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் 1923-ஆம் ஆண்டுச் சட்டமோ பெரிதும் பயன்பட்டது. ஆயினும் இழப்பீடு கேட்பவன், தான் இன்னாரிடம் கூலிக்கு இருந்தவன் என்று காட்டியாதல் வேண்டும். சம்பளத்தை வங்கி வழியே பெறுபவனுக்கு அச்சான்று தானே உண்டாகின்றது. வண்டியைக் குத்தகைக்கு எடுத்தவன் என்று எழுதிக் கையொப்பமிட்டவனுக்கு அதுவே தடையாய் எழும்.

இனி, சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்கின்றோம். நம்மவருள் பிள்ளைகள் பெரும்பாலும் உறவினர் வண்டியிலேயே முதலில் ஏறுகின்றனர். எம் மாணாக்கன் ஒருவன் தன் மாமன்முறையார் ஒருவரின் வண்டியில் ஈராண்டு ஓடினான். கூலி பேசவில்லை, "நம்ம வண்டிதானே" என்றனர். தங்கை திருமணத்துக்கு முன்பணம் வாங்கினான். ஈராண்டின் முடிவில் முன்பணம் தீர்ந்ததா இல்லையா என்று இருதிறத்தார்க்கும் தெரியவில்லை. அவர் வஞ்சகர் அல்லர், எழுதிவைக்கவில்லை, அவ்வளவே. இன்று இரு வீட்டாரும் ஒருவர் வாயிலில் ஒருவர் மிதிப்பதில்லை. முப்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்திருப்பின் அவ்வுறவு நின்றிருக்கும். வீட்டை விட்ட நாள், திரும்பிய நாள், வாடகை, பெற்ற படி, வாங்கிய முன்பணம் என்னும் ஐந்தையும் எழுதி, நடைதோறும் உடையவரிடம் கையொப்பம் பெறுக என்று அதன்பின் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவருகின்றோம். ஒருவன் இவ்வாறு நீட்டியபோது வண்டிக்காரர் முதலிற் சினந்தாராம். மூன்றாம் நடையில் தமக்கும் ஒரு படி எழுதித் தரச் சொன்னாராம்.

வண்டி உடைய பெரியோர்களே! எம் கணக்கிற் பிழையிருப்பின் அடுத்த கூட்டத்தில் உங்கள் ஏடுகளைக் கொண்டுவந்து காட்டுங்கள். பிழை எமதாயின் அதனை இவ்விதழிலேயே திருத்தி வெளியிடுவோம்.